அழகுமலையின் ஞாயிற்றுக்கிழமைச் சுருட்டு

பற்றவைப்பதற்கு முன்னால் அழகுமலை சுருட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, மீசைக்கும் மூக்குக்கும் நடுவில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நகர்த்துவார். கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். பிறகு தலையை ஆட்டி, "ம்ம்... அருமைங்க" என்பார். பார்க்கிறவர்களுக்கு, வாசனையில் ஊறித் திளைத்த மனிதர் என்று தோன்றும். மனிதருக்கு வாசனையே தெரியாது என்பது அந்த மலைக் கிராமமான வில்பட்டியில் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த மூவரில் ஒருவர் அழகுமலையேதான். இன்னொருவர் அவர் மனைவி சின்னத்தாயி. மூன்றாமவர், அழகுமலையின் பூண்டுக்காட்டுக்கு மேலே தகரக்கூரை வீட்டில் குடியிருக்கும் கந்தவேல். அந்தச் சுருட்டின் சொந்தக்காரரும் அவர்தான். ஆண்கள் இருவருக்கும் வயது அறுபதை ஒட்டித்தான். அழகுமலை வாழ்நாள் முழுக்கப் படிப்படியாக வெட்டிய மலைச்சரிவில் பூண்டும் கேரட்டும் போட்டவர். கந்தவேல் கப்பல் எஞ்சினுக்குள்ளேயே காலம் கழித்துவிட்டு, மனைவி போன பிறகு குளிர் தேடி மலையேறியவர். பழனி அடிவாரத்தில் அவர் குடும்பத்துக்குக் கடை இருக்கிறது. தம்பிகள் பார்த்துக்கொள்கிறார்கள். "யாவாரம் நமக்குச் சரிப்படாதுங்க. விலை சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துரும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அழகுமலையின் மூக்கு ஒரு காலத்தில் பேர் வாங்கிய மூக்கு. கட்டின மூட்டையை வெளியிலிருந்து மோந்தே உள்ளே அழுகல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்தப் பெருந்தொற்றுக் காய்ச்சல் வந்து போனபோது கையோடு அதையும் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் இறங்கியது, சளி போனது, வாசம் மட்டும் திரும்பவில்லை. டவுன் டாக்டர் தினமும் கிராம்பு, எலுமிச்சை, தைலம் எல்லாவற்றையும் மோந்து பழகச் சொன்னார். மூக்குக்கு ஞாபகம் வரவேண்டுமாம். அழகுமலை ஒருநாள் தவறாமல் மோந்து பார்த்தார். "சுவத்த மோந்து பாக்குற மாரி இருக்கு" என்று சின்னத்தாயியிடம் மட்டும் சொன்னார்.

வெளியே சொல்லவில்லை. பூண்டுக்காரனுக்கு மூக்குப் போச்சு என்று தெரிந்தால் சந்தையில் எவன் மதிப்பான் என்பது அவர் கவலை. அதனால் சந்தைக்கு மனைவியையும் கூட்டிப் போனார். இவர் மூட்டைமேல் குனிந்து பெரிய மனிதர் மாதிரி மோப்பம் பிடிப்பார். பக்கத்தில் நிற்கும் சின்னத்தாயி அழுகல் இருந்தால் இருமுவாள். காய்ச்சல் பயம் ஊரை விட்டுப் போகாத நாட்களில் அவள் இருமினால் மூட்டையைச் சுற்றி நின்ற கூட்டமும் சேர்ந்து விலகும். இந்த நாடகத்தை அவர்கள் சிரித்துக்கொண்டே நடத்திவிட்டார்கள். சிரிக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. மகள் நதியாவுக்குக் குழந்தை பிறந்து, மூன்றாம் மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அழகுமலை பேத்தியின் உச்சந்தலையில் மூக்கை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விட்டார். அவருக்கு மூக்கு வேண்டும் என்றால் அது பூண்டுக்காக மட்டும் இல்லை.

கந்தவேலுக்கு இதில் ஒரு தனி உறுத்தல். காய்ச்சல் முதலில் வந்தது அவருக்கு. தனி ஆள், மேல் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். ஊரில் எல்லோரும் அந்தப் பாதையையே மாற்றிக்கொண்டபோது அழகுமலைதான் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோய் வாசல் கட்டைச் சுவரில் வைத்து, கையைத் தட்டுவார். "சார், கஞ்சி வெச்சிருக்கேன். வெரசா எந்திரிச்சுக் குடிங்க, ஆறிரும்" என்று தள்ளி நின்று கத்துவார். சின்னத்தாயி அப்போது மகள் வீட்டில் இருந்ததால் கஞ்சியும் அவர் கைப்பாகம்தான். கந்தவேல் எழுந்து நடமாடத் தொடங்கிய வாரத்தில் அழகுமலை படுத்துவிட்டார்.

"என்கிட்டயிருந்துதான் உங்களுக்கு ஒட்டிருக்கும்" என்று கந்தவேல் ஆரம்பித்தால் அழகுமலைக்குப் பிடிக்காது.

"ஒட்டன்சத்திரத்துக்கு லோடு ஏத்திட்டுப் போனேன்ல, அங்க எவனாச்சும் தும்மியிருப்பான். உங்ககிட்டயிருந்து வந்துச்சுனு யாரு சொன்னா? கஞ்சிச்சட்டி வந்து சொல்லுச்சா?"

அப்படியே பேச்சை முடித்துவிடுவார். கந்தவேலின் மனசுக்குள் அது முடியவில்லை.

கப்பல் நண்பர் ஒருவர் அனுப்பிய சுருட்டுப் பெட்டி வந்தபோது, கந்தவேல் முதலில் கூப்பிட்டது அழகுமலையை. வழவழப்பான மரப்பெட்டி, உள்ளே வரிசையாகப் படுத்திருந்த பருமனான சுருட்டுகள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் தங்க நிறக் காகித வளையம். அழகுமலை பயபக்தியோடு பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்குங்க?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்து இவ்வளவு மரியாதையோடு சுருட்டு வாங்குவது கருப்பனுக்கு மட்டும்தான். மனிதன் குடிக்கத்தான் என்று தெரிந்த பிறகும் அவருக்கு மனசு கேட்கவில்லை. தனக்குக் கொடுத்த முதல் சுருட்டை எல்லைக் கருப்பனிடம் கொண்டுபோய்ப் பற்றவைத்துப் படைத்துவிட்டு வந்தார். "கடேசி வரைக்கும் அணையலைங்க. சாமிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்று செய்தியும் சொன்னார். கடல் கடந்து வந்த சுருட்டு அப்படிப் போனதில் கந்தவேலுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

புதிதாகப் பழகுகிறவர் செய்யக்கூடிய தப்பு ஒன்றையும் அழகுமலை பாக்கி வைக்கவில்லை. நுனியைக் கரும்பு மாதிரி கடித்துத் துப்பினார். பீடி அணைந்துவிடுமே என்று இழுக்கிற வேகத்தில் இழுத்தார். புகையை நெஞ்சுக்குள் இறக்கி, கண் பிதுங்க இருமி, கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாம்பல் ஒரு விரற்கடை சேர்வதற்குள் தட்டித் தட்டி விட்டார். கடைசியில் மிஞ்சிய சுருட்டுத் துண்டைச் செருப்புக் காலால் நசுக்கப் போனபோது கந்தவேல் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவசரம் என்னங்க? உள்ள இறக்காதீங்க. வாயிலயே வெச்சு, நாக்குல பரத்தி, விட்டுருங்க. அதுவா அணையட்டும்."

"ஒரு சுருட்டுக்கு இம்புட்டு நேரமா? இதுக்குள்ள நாலு பாத்திக்குத் தண்ணி கட்டிருவேன்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஒரு சோலியும் கெடையாது. உக்காருங்க."

அப்படி உட்கார்ந்த இரண்டாவதோ மூன்றாவதோ வாரத்தில்தான் அது நடந்தது. வாயில் இருக்கும் புகையில் ஒரு துளியை மட்டும் மூக்கு வழியாக விட்டுப் பார்க்கச் சொன்னார் கந்தவேல். அழகுமலை விட்டார். மூக்குக்குள் மிளகாய் வைத்தது மாதிரி சுரீர் என்றது. கண்ணில் நீர் கொட்டியது. கந்தவேல் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க எழுந்தார்.

"இருங்க, இருங்க" என்றார் அழகுமலை, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு. "எரியுதுங்க! உள்ள ஏதோ இருக்குதுங்க! செத்துப்போச்சுனுல்ல நெனச்சேன்?"

அன்றிலிருந்து அவர் சுருட்டுக்காரர். வாசம் இல்லாவிட்டாலும் நாக்கு இருந்தது. முதல் பாதியில் கசப்பு, நடுவில் லேசாக ஓர் உப்பு, கடைசியில் தொண்டையில் உட்காருகிற காரம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். மீதியைக் கந்தவேல் சொல்ல, நம்பி ஏற்றுக்கொண்டார். "இப்ப வறுத்த காப்பிக்கொட்டை வருது" என்பார் கந்தவேல். "தாண்டிக்குடிக் காப்பிங்களா?" என்று இவர் கேட்பார். "இப்ப நனைஞ்ச மரப்பட்டை." "சவுக்கா, சில்வர் ஓக்கா?" கந்தவேல் யோசித்து ஏதாவது ஒரு மரத்தைச் சொல்வார். இவர் அந்த மரத்தை நினைத்துக்கொண்டு அடுத்த இழுப்பு இழுப்பார். வாரத்துக்கு ஒன்றுதான், அதிலும் சில நாள் பாதிதான். "மூக்குப் போனது பத்தாதுன்னு நெஞ்சையும் கெடுத்துக்கங்க" என்று சின்னத்தாயி ஞாயிறுதோறும் வைவாள். டாக்டரும் அதையேதான் இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். காகித வளையங்கள் மட்டும் சேதமில்லாமல் பேத்திக்கு மோதிரமாகப் போய்ச் சேர்ந்தன.

மழைக்காலம் வந்தது. மேல் வீட்டுக்குள் மேகம் கதவைத் தட்டாமல் நுழைகிற காலம். கந்தவேலின் ஷூவில் பூஞ்சை, இடுப்பு வாரில் பூஞ்சை. ஒருநாள் சுருட்டின் மேலும் வெள்ளையாகப் படர ஆரம்பித்திருந்தது. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அழகுமலைக்குப் பொறுக்கவில்லை.

"எங்க வீட்டுப் பரண்ல வெச்சா ஒண்ணும் ஆகாதுங்க. வெதப்பூண்டே அங்கதான் கெடக்கு. ஈரமும் அண்டாது, ரொம்பக் காயவும் காயாது."

சொன்னது முழுக்க உண்மை. வெந்நீர் அடுப்புக்கு மேலே உள்ள அந்தப் பரணில் அடுத்த பருவத்துக்கான விதைப்பூண்டு கட்டுக்கட்டாகத் தொங்கும். அடுப்புப் புகை பட்டுப் பட்டு ஒரு பல்கூடக் கெடாது. பூஞ்சையைத் துடைத்து, நல்ல சுருட்டுகளாகப் பொறுக்கிக் கட்டி, பூண்டுக் கட்டுகளுக்கு நடுவில் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பக்குவத்தோடு வைத்தார் அழகுமலை. பூஞ்சை போனது போனதுதான். சுருட்டு கெடவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அதில் ஒன்றைப் பற்றவைத்த கந்தவேலுக்கு முதல் இழுப்பிலேயே கண் விரிந்தது. காப்பிக்கொட்டை இல்லை, மரப்பட்டை இல்லை. மலைப்பூண்டு. அதுவும் புகையில் வாட்டிய மலைப்பூண்டு. அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தபோது, எதிரே அழகுமலை முகம் முழுக்க எதிர்பார்ப்போடு உட்கார்ந்திருந்தார்.

"எப்படிங்க? பரண் காப்பாத்திருச்சுல்ல?"

"காப்பாத்திருச்சு" என்றார் கந்தவேல். "நல்லா இருக்கு. மொதல்ல இருந்ததைவிட நல்லாவே இருக்கு."

அன்று மாலை வேலியோரம் சின்னத்தாயியைப் பார்த்தபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே விஷயத்தை ஆரம்பித்தார்கள். "நான் அன்னைக்கே சொல்ல வந்தேங்க" என்றாள் அவள். "சொல்லாதீங்கம்மா" என்றார் கந்தவேல். "தான் செஞ்ச ஒரு நல்லதும் வீணாப்போச்சுனு நெனப்பாரு. மூக்கு இல்லாததாலதானே தெரியலைன்னு அதுக்கும் சேத்து வருத்தப்படுவாரு." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சரி என்று தலையாட்டினாள். சிரித்தாளா அழுதாளா என்று கந்தவேலுக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பூண்டுச் சுருட்டு. கந்தவேல் மறுக்காமல், முகம் சுளிக்காமல், கடைசி விரற்கடைவரை குடித்தார். வாசம் கேட்டால் அசராமல் சொன்னார். "இன்னைக்குக் கொஞ்சம் ஏலக்காய் தெரியுது" என்றார் ஒருநாள். அழகுமலை கண்ணை மூடி ஏலக்காயை நினைத்துக்கொண்டார். கையில் ஒட்டும் நாற்றம் திங்கட்கிழமை சோப்புக்கும் போகாது. இருந்தும் கந்தவேல் இப்படி ஒரு நண்பர் கிடைத்ததற்கு நன்றி சொல்லித்தான் அடுத்த ஞாயிற்றையும் எதிர்பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. கந்தவேல் முதலில் பற்றவைத்து, தன் தண்டனையைப் பாதிவரை முடித்திருந்தார். அழகுமலை வெள்ளனே தண்ணீர் கட்டிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல் தன் சுருட்டை மீசைக்கு மேலே வைத்து நகர்த்தினார். கண் மூடியது. தலை ஆடியது.

"ம்ம்... அரு..."

நின்றுவிட்டது. கண் திறந்தது. சுருட்டை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மறுபடி நகர்த்தினார்.

"என்னங்க ஆச்சு?"

"நாறுதுங்க" என்றார் அழகுமலை, சத்தமே இல்லாமல்.

"என்ன நாறுது?"

"பூண்டுங்க. பரண்ல காஞ்ச வெதப்பூண்டு." எழுந்து நின்று, கீழே தெரியும் தன் வீட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். "ஏ சின்னத்தாயி! சுருட்டுல பூண்டு நாறுதுடி!"

"அது எப்ப இருந்தோ நாறுது! அதுக்கு ஏன் ஊரக் கூட்டுறீக?" என்று கீழேயிருந்து பதில் வந்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பாத்திரம் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பாத்தி பாத்தியாக மேலே ஓடி வருவது தெரிந்தது.

அழகுமலை மெதுவாகத் திரும்பினார். கந்தவேலின் விரலிடுக்கில் பாதி எரிந்துகொண்டிருந்த சுருட்டைப் பார்த்தார்.

"அப்ப, உங்களோடது?"

"அதுலயும்தான்."

"மொத நாள்ல இருந்தேவா?"

"மொத நாள்ல இருந்தே."

"தூக்கி எறிஞ்சிருக்கலாம்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கந்தவேல் சாம்பலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் படுத்திருந்தப்ப மூணு நாள் கஞ்சிக்கு உப்பே போடல நீங்க. நான் சொன்னேனா?"

 மூச்சிரைக்க வந்து சேர்ந்த சின்னத்தாயி அழகுமலையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கந்தவேல் தீக்குச்சியை உரசி, காற்றுக்கு மறைத்து, நீட்டினார். அழகுமலை தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சுருட்டை வலது கண்ணில் ஒரு முறை, இடது கண்ணில் ஒரு முறை ஒற்றினார். பிறகுதான் வாயில் வைத்தார்.