செத்தவளிடம் யார் கேட்பது

ரப்பர் விலை விழத் தொடங்கியிருந்த காலம். பினாங்கில் கன்னியர் மடப் பள்ளிப் படிப்பை முடித்திருந்த எனக்கு, பெண்களிடம் கேள்வி கேட்கும் வேலை கிடைத்தது. ரப்பர் தோட்டங்களில் தாய்மாரும் கைக்குழந்தைகளும் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் நான். விடியற்காலையில் படகேறி, அக்கரையில் பிறை என்ற ஊரில் இறங்கி, ரயிலில் நிபோங் திபால் போவோம்.

தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்பேன்: "எத்தனை பெத்தீங்க? எத்தனை இருக்கு?"

ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பில் பெண் குழந்தை, வயிற்றில் இன்னொன்று.

"ஒன்னு பெத்தேன், ஒன்னு இருக்கு மிஸியம்மா" என்றாள்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "ஏன்டி, அந்த ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க?" என்றாள்.

"அதுங்க பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே போயிருச்சே அக்கா. அதையுமா கேக்குறாங்க?"

"அதையும்தான் கேக்குறோம்" என்றேன்.

இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. மூத்தவனுக்கு ஜன்னி வந்தது, இளையவன் பால் குடிக்கவே மாட்டேன் என்றது, அவன் தலைமுடி எவ்வளவு அடர்த்தி என்பது. அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

டாக்டரம்மா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லை. வீங்கிய காலில் விரலை அழுத்தினார். விழுந்த குழி மறையவில்லை. இவள் இனி ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகக் கூடாது, ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று தோட்டத் துரையிடம் சொன்னார். துரை தலையாட்டினார்.

அடுத்த ஆண்டு அதே லயத்துக்குப் போனோம். அந்த வீட்டில் வேறொரு பெண் இருந்தாள். "ரெண்டு பெத்தேன், ரெண்டும் நல்லா இருக்கு" என்றாள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன்.

"மரத்தடியிலேயே வலி கண்டுருச்சு. தூக்கிட்டு வர்றதுக்குள்ள தாயும் போயிட்டா, புள்ளையும் போயிருச்சு. புருசன் சின்னதத் தூக்கிக்கிட்டு வேற தோட்டத்துக்குப் போயிட்டான்."

"வேலைக்குப் போகக் கூடாதுன்னு சொன்னோமே அக்கா?"

"சொன்னீங்க. போகலன்னா சோறு யாரு போடுவா?"

டாக்டரம்மாவிடம் வந்து சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "வீட்டில் இருக்கும் தாயிடம்தான் கேட்க வேண்டும் என்பது விதி" என்றார்.

"அப்படியானால் செத்தவளிடம் யார் கேட்பது?"

டாக்டரம்மா மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். கேள்வியை மாற்றினால் போன ஆண்டோடு ஒப்பிட முடியாமல் போகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுக் கணக்கு இரண்டு பிறப்பு, இரண்டும் உயிரோடு என்றே பதிவானது. தோட்டம் முன்னேறிவிட்டது என்று துரை எங்கள் கையைக் குலுக்கினார்.

அதன் பிறகு போன தோட்டங்களில் எல்லாம் தகப்பனோடு போன அந்தப் பெண் குழந்தையைத் தேடினேன். கடைசியில் ஒரு கங்காணி, அப்படி ஒரு ஆள் வந்தான், ஆள் குறைப்பில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்.

"கூட ஒரு குழந்தை இருந்துச்சா அண்ணே?"

அவர் யோசித்துப் பார்த்தார். "தனியாத்தான்மா போனான்" என்றார்.