சுடப்படுகிற பக்கம்

கல்வராயன் மலையில் பிறந்த ஒருவர் கோடாலியைத் தொடமாட்டேன் என்றால் ஊர் சும்மா விடுமா? வெள்ளிமலைச் சந்தைக்குப் போகிற வழியில் இருக்கும் அந்தச் சிற்றூரில் வேடியப்பனைச் சீண்டுவதற்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. மரவள்ளி பிடுங்குவார், கடுக்காய் பொறுக்குவார், சாமைக் காட்டில் களை எடுப்பார். மரம் வெட்டக் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காதவர் மாதிரி நடந்துவிடுவார். "புது மாப்ளையாட்டம் விறகு பொளக்க ஆள் வெச்சிக்கினு கீறாரு" என்று பெண்கள்கூடச் சிரிப்பார்கள். வலது காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்து, பாவம், ஊன்றி நிற்க முடியாதவர் எப்படிக் கோடாலி ஓங்குவார் என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு. சிரித்தவர்களுக்கும் விஷயம் தெரியாது, இரக்கப்பட்டவர்களுக்கும் தெரியாது.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குத் தங்கை ராணியம்மாள் வீட்டில்தான் சாப்பாடு. விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்று அவருக்கென்றே அங்கே இருந்தது. வேறு யாரும் அதில் சாப்பிடமாட்டார்கள். தங்கையின் மகன் இளவரசன் விறகு பிளந்து அவர் வாசலில் அடுக்கிவிட்டுப் போவான். மலைக்குளிரில் அந்தக் கால் விறைத்துக்கொள்ளும். காலையில் வெந்நீர் ஊற்றாமல் எழுந்து நிற்க முடியாது.

இளவரசனுக்கு இருபத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஆலையை மூடிவிட்டார்கள். மலைக்குத் திரும்பி வந்து வேலையில்லாமல் இருந்தான். வேலையில்லாத பிள்ளைகளை மோப்பம் பிடிப்பதற்கென்றே சில மனிதர்கள் இருக்கிறார்கள். பொன்னுரங்கம் அந்த வகை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை தம்பி தம்பி என்றபடி ஜீப்பில் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போவார். என்ன வேலை என்றால் கட்டட வேலை என்பார். அடுத்த மாநிலத்துக் காட்டில் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டுகிற வேலை என்பது மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த வேலைக்குப் போய்த்தான் இளவரசனின் அப்பா சின்னராசு பிணமாகத் திரும்பி வந்தார். அப்போது பையன் தவழ்ந்துகொண்டிருந்தான்.

பையனை மடக்கப் பொன்னுரங்கம் பணமா கொடுத்தார்? பணம் கொடுத்தால் தாய் கேள்வி கேட்பாள். கையடக்கமாக ஒரு கேம் செட்டு கொடுத்தார். நடுவில் கண்ணாடித் திரை, இரண்டு பக்கமும் கட்டைவிரலுக்குப் பொத்தான்கள். அதை வாங்கிய நாளிலிருந்து இளவரசன் வாசல் கல்லை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒருநாள் சாப்பிட வந்த வேடியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

"ஜாம்பி கேமு மாமா. செத்தவனுங்க எழுந்து வர்றானுங்க. நாம சுட்டுக்கினே போவணும்."

"செத்தவன எதுக்குடா சுடணும்?"

"புடிச்சான்னா கடிச்சிடுவான் மாமா. நாமளும் அவனாட்டம் ஆயிடுவோம்."

திரையில் காடு. மூடுபனி. மரங்களுக்கு நடுவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேலே சட்டையில்லை, உடம்பெல்லாம் சேறு, ஒருவன் கையில் கோடாலி. முகமே இல்லாத மாதிரி இருந்தார்கள். இளவரசனின் கட்டைவிரல் அசைந்தது. கோடாலிக்காரன் விழுந்தான். இன்னொருவனுக்குக் காலில் பட்டது. அவன் விழவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து வந்துகொண்டே இருந்தான்.

"மண்டைல அடிச்சா ஒரே அடி மாமா. கால்ல பட்டா இப்டித்தான், இழுத்துக்கினே வருவானுங்க, சனியனுங்க."

வேடியப்பனின் கை தானாகப் போய்த் தன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டது. திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இதுல இவனுங்க பக்கத்துலேர்ந்து ஆட முடியாதா?"

இளவரசன் சிரித்துவிட்டான். "அவனுங்க பக்கத்துல இன்னா மாமா ஆட்டம் இருக்குது? வரணும், சாவணும், அவ்ளோதான்."

பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, சந்தை முடிந்த மறுநாள் ஜீப் வருகிறது, தானும் போகிறேன் என்றான்.

"உங்கப்பனக் கொண்டுபோன வேலைடா அது."

"அப்பாவால ஓட முடியல, பின்தங்கிட்டாரு. நீதானே சொன்ன? நான் ஓடுவேன் மாமா. ஆலையில மூட்டையத் தூக்கிக்கினு ஓடினவன் நானு. ஓடத் தெரிஞ்சவன் சாவமாட்டான்."

வேடியப்பன் சாப்பிடாமலே எழுந்துவிட்டார். தான் என்றோ சொல்லி வைத்த ஒரு பொய் இப்போது ஜீப்பில் ஏறக் கிளம்பி நிற்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். வேடியப்பனும் சின்னராசும் சேர்ந்துதான் செம்மரம் வெட்டப் போயிருந்தார்கள். அந்தக் காட்டில் அப்போது விடிகிற நேரம். மூடுபனி. மூட்டை பிரித்துப் பழைய சோறு தின்ன உட்கார்ந்திருந்தார்கள். எங்கிருந்தோ ஒரு கத்தல், உடனே வெடிச்சத்தம். சுட்டவர்கள் யார், எத்தனை பேர் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. எல்லோரும் போட்டது போட்டபடி எழுந்து ஓடினார்கள். சின்னராசுதான் முதல் ஆள். அவனை ஓட்டத்தில் மிஞ்ச மலையில் ஆள் கிடையாது. வேடியப்பன் பள்ளத்தில் இறங்குவதற்குள் அவன் எதிர்மேட்டில் ஏறி நின்று, மச்சான் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தான்.

அவன் வெறுங்கையோடு நின்றான். காட்டிலிருந்து ஒருவன் வெறுங்கையோடு வந்தால் மலையில் யாரும் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றைத்தான். பெண்டாட்டி கேட்பாள், எதிரில் வருகிறவன் கேட்பான், மாடு மேய்க்கிற பிள்ளை கேட்கும். கோடாலி என்பது வீட்டுச் சொத்து. அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது. எளிதில் இரவல் தரமாட்டார்கள். சின்னராசு கொண்டுவந்திருந்தது வேடியப்பனின் கோடாலி, அவருடைய அப்பா பிடித்தது. தங்கை புருஷன் என்பதால் கொடுத்திருந்தார். உயிர் போகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? பழகிய வாய் கேட்டுவிட்டது.

"மாப்ள, கோடாலி எங்கடா?"

சின்னராசு தன் கையைப் பார்த்தான். "தோ, எடுத்தாந்துடறேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு மேட்டிலிருந்து இறங்கி, வேடியப்பனைத் தாண்டி, வந்த வழியே ஓடினான். வேண்டாம் என்று கத்த இவர் வாயைத் திறப்பதற்குள் காலில் குண்டு பாய்ந்தது. மாப்பிள்ளை திரும்பி வரவில்லை.

ஊருக்கு வந்து, மரச்சுமையோடு அவனால் ஓட முடியவில்லை, பின்தங்கிவிட்டான் என்றார். தங்கை நம்பினாள். நம்பி, அண்ணனுக்குத் தட்டு வைத்தாள்.

ஜீப் வருகிற நாள் காலை. ராணியம்மாள் உள்ளே மகனின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அவள் தடுத்துப் பார்த்து, அழுது பார்த்து, ஓய்ந்திருந்தாள். இளவரசன் வாசல் கல்லில் கேம் செட்டோடு இருந்தான். வேடியப்பன் அவன் எதிரில் வந்து நின்றார். உட்காரவில்லை.

"உங்கப்பன் பின்தங்கலடா."

"இன்னா மாமா?"

"எனக்கு முன்னாடி ஓடினான். எல்லாருக்கும் முன்னாடி. தப்பிச்சே பூட்டான்டா அவன், எதிர்மேட்டுல நின்னுக்கினு இருந்தான். நான்தான் கோடாலி எங்கடான்னு கேட்டேன். எடுக்கத் திரும்பிப் போனான்."

இளவரசனின் விரல்கள் நின்றுவிட்டன. திரையில் மரங்களுக்கு நடுவிலிருந்து அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் சுடவில்லை. கோடாலிக்காரன் கிட்டே வந்து ஓங்கினான். திரை முழுக்கச் சிவப்பானது.

"ஓடத் தெரிஞ்சவனும் செத்தான்டா," என்றார் வேடியப்பன். "உங்கப்பன மாதிரி நீ ஓடமாட்ட. யாரும் ஓடமாட்டாங்க. பூடாதடா."

வாசற்படியில் ராணியம்மாள் நின்றாள், கையில் பை. எப்போது வந்தாளோ தெரியாது, எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"கோடாலி யாருதுண்ணா?"

"என்னுதும்மா."

அவள் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. தூற்றியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அண்ணனைப் பார்த்தபடியே மகனிடம், "உள்ள வாடா" என்றாள். கீழே வளைவில் ஜீப் ஹாரன் அடித்தது. இளவரசன் எழுந்து நின்றான். ஜீப் இருக்கிற பக்கம் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். பிறகு கேம் செட்டை அவர் கையில் வைத்தான்.

"இந்தா. இத நீயே குடுத்துடு. இல்லாட்டி நீயே வெச்சிக்கினு சுடு."

உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

வேடியப்பன் காலை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஜீப்பில் ஏற்கெனவே நாலைந்து பையன்கள் இருந்தார்கள், ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு. அவர் கேம் செட்டை நீட்டினார்.

"பையன் வரமாட்டான்."

"இன்னாங்க பெரியவரே, ஆசையா குடுத்தேன்" என்று பொன்னுரங்கம் முகத்தைச் சுளித்தார். பிறகு அதைத் துடைத்து, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் கொடுத்தார். ஜீப் கிளம்பியதும் அவன் தலை குனிந்துகொண்டது. அந்தப் பிள்ளைகளையும் கூப்பிட்டிருக்கலாம், ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று ஜீப் வளைவு திரும்பிய பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

அன்று மாலை அவர் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. யாரும் வந்து கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது வாசலில் அவருடைய தட்டு இருந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்திருந்தார்கள். மேலே தங்கை வீட்டுப் பக்கம் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. அது இளவரசனின் அடி, அவருக்குத் தெரியும். ஒவ்வொரு அடியாகக் கேட்டுக்கொண்டே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகவில்லை, இருக்கிறான். அடி நிற்கும்வரை கேட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கால் மரத்துப்போயிருந்தது. வெந்நீர் வைக்கலாம் என்றால் அடுப்புக்கு விறகு இல்லை.