மேனேஜர் கட்டத்தில் ஒரு சைக்கிள்

பின்னால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் சைக்கிள் அக்கா திரும்பிப் பார்ப்பதில்லை. பதிலுக்கு ஒரே ஒரு முறை மணியடிப்பாள், அவ்வளவுதான். பல வருஷப் பழக்கம். "வாயால பேசுறது பத்தாதா, மணியாலயும் பேசணுமா?" என்பான் புருஷன்.

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்குச் சோதிக்கும் வேலை. ஒரு நூல் தொங்கினாலும் சட்டை அவள் கையைத் தாண்டாது. அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. இஸ்திரி போடுகிறவர்கள் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தார்கள். உலகம் சூடாகிறது, நாமும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று மேனேஜர் கூட்டம் போட்டார். செய்தும் காட்டினார். சைக்கிள் கொட்டகையை இடித்துவிட்டு, மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் போடக் கூரையோடு இடம் கட்டினார். கம்பெனியில் மின்சாரக் கார் ஒன்றே ஒன்றுதான். அது அவருடையது.

"சைக்கிள எங்க சார் நிறுத்துறது?"

"வெளிய, ரோட்டோரமா நிறுத்தும்மா."

"அங்க நிறுத்துனா சாயங்காலம் பூட்டு மட்டும்தான் சார் இருக்கும்."

"அப்ப பஸ்ல வா."

"பூமியக் காப்பாத்த என் சைக்கிள்தான் குறுக்க நின்னுச்சா சார்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள், புதுக் கோடு போட்ட கட்டத்தின் நட்டநடுவில் சைக்கிளை நிறுத்திப் பூட்டினாள். வேலை போனால் மகளின் படிப்பும் போகும். போனால் போகட்டும் என்று நினைக்க அவளால் முடியவில்லை. ஆனாலும் சைக்கிளை எடுக்கவில்லை.

கார் வந்து நின்றது. "அதத் தூக்கி வெளிய போடு!" என்று மேனேஜர் வாட்ச்மேனிடம் கத்தினார்.

வாட்ச்மேன் தூணில் இருந்த போர்டைக் காட்டினார். "புகை விடாத வண்டிக்கு மட்டும்னு நீங்கதான சார் எழுதி வச்சீங்க. இதுல புகை எங்க வருது?"

அடுத்த நாள் இன்னும் சில பெண்கள் தங்கள் சைக்கிளைக் கொண்டுவந்து அவள் சைக்கிளோடு சேர்த்துச் சங்கிலி போட்டார்கள். பிறகு மேனேஜருக்கு வேறு வழியில்லை. பாதிக் கட்டங்கள் சைக்கிளுக்கு என்று ஆயின.

வாட்ச்மேனைப் பின்வாசலுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது.

"கவலப்படாதீங்கண்ணே, உங்களுக்கு ஒரு கூரை போட வைக்கிறேன்" என்றாள்.

"முதல்ல உன் வேலையக் காப்பாத்திக்கம்மா. நான் கறுத்துப்போக இனிமே என்ன இருக்கு?"

ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். வாட்ச்மேன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றார். இப்போது அதே வெயிலில் வேறொருவர் நிற்கிறார். அவள் இன்னும் எழுந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.