ஒத்திகைப் பிளாஸ்திரி

ஆப்பிரிக்கா போவதற்காக, மஞ்சள் காய்ச்சல் வராமல் இருக்க நான் போட்டுக்கொண்ட ஊசி ஆயுள் முழுக்கச் செல்லும் என்றார்கள். அதற்காகக் கொடுத்த மஞ்சள் அட்டை இன்னும் என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே பஸ்ஸில் போய் வருகிறவளை அந்தக் காய்ச்சல் எங்கே வந்து பிடிக்கப் போகிறது? அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தேன். எங்கள் டாக்டர் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். ஆபரேஷனில் கை சுத்தமான கை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் டீ குடிக்கிற நேரத்தில் எங்களை எல்லாம் கூப்பிட்டு, உகாண்டாவுக்குப் போய் அங்குள்ள ஏழைகளுக்கு இலவசமாகக் கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிறோம் என்றார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய நண்பர்கள் ஏற்பாடு. "தியேட்டருக்கு நீங்கதான் வரணும் சிஸ்டர்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பு இல்லை. தூர தேசத்து ஏழைகளை நினைத்தால் அவருக்கு நிஜமாகவே அழுகை வரும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வம்சத்தில் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள்தான் உண்டு. என் வீட்டுக்காரர் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேலை பார்க்கிறார். தெரிந்த லாரி டிரைவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் வந்த அன்று அதை வாங்கிப் பார்க்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கினோம். காலிப் பெட்டியை வீட்டுக்குள் அங்கேயும் இங்கேயும் இழுத்துப் பார்த்தேன்.

வேலையும் அப்படியே குவிந்தது. கனம் குறைய வேண்டும் என்று மருந்துகளின் வெளி அட்டையை எல்லாம் பிரித்துப் போட்டு, பாட்டிலை மட்டும் பையில் கட்டினோம். மல்லாட்டைக் கடலை மண்டியிலிருந்து எடைமெஷின் கொண்டுவந்து ஒவ்வொரு பெட்டியாக நிறுத்தோம். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ்களைப் பவர் வாரியாகப் பிரித்து அடுக்கியது நான். சாயங்காலம் வீடியோவில் வகுப்பு. மேலே பாருங்கள், கீழே பாருங்கள், வலிக்கிறதா என்று அந்த ஊர் மொழியில் சொல்லப் பழக்கினார்கள். வீட்டில் சமைத்துக்கொண்டே அதை முணுமுணுப்பேன்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் எனக்கு ஒரு முள் இருந்தது. அது என் சித்தி. அம்மாவின் தங்கை. ஒலக்கூர்ப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு மல்லாட்டையும் கேப்பையும் போடுகிறவள். சித்தப்பா இல்லை, பிள்ளைகளும் இல்லை. சில வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு முகாமில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணி, சீழ் வைத்து, அந்தக் கண் போய்விட்டது. இப்போது வலது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வந்தது. நிறம் தெரியும், ஆள் தெரியாது. களை எது, செடி எது என்று தெரியாமல் கையால் தடவிப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

"இருக்கறது ஒண்ணு. அதையும் யாருன்னு தெரியாதவன் கையில குடுக்க மாட்டேன். நீ நின்னுக்கினு இருக்கற எடத்துலதான் பண்ணிக்குவேன்."

டாக்டரிடம் சொல்லியிருந்தேன். அடுத்த இலவச முகாமில் முதல் கேஸ் உங்கள் சித்திதான் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு உகாண்டா வந்தது, முகாம் தள்ளிப்போனது.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் டாக்டருக்கு ஒரு யோசனை. அங்கே போய்த் தடுமாறக் கூடாது, இங்கே ஒரு கிராமத்தில் ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார். பேர் எழுதுவது, பார்வை பார்ப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, ஆபரேஷனுக்கு ஆள் பிரிப்பது, எல்லாம் நிஜ முகாம் மாதிரியே. உதவிக்கென்று எங்களோடு உகாண்டா வருகிற காலேஜ் பிள்ளைகளுக்கும் கை பழகும். ஒத்திகை என்று ஊரில் சொல்ல வேண்டாம், சொன்னால் கூட்டம் சேராது என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். ஒலக்கூர் தாண்டி ஒரு பேரைச் சொன்னார். என் சித்தி ஊர்.

பள்ளிக்கூடத்தில்தான் வைத்தார்கள். வகுப்பறைக்குள் கண் அழுத்தம் பார்க்கிற இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். வரிசையில் சித்தி வந்தாள். பச்சைப் புடவை, தலை நிறையப் பூ. நான் இருக்கிறேன் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண், பழகின பாடத்தை விடாமல், அந்த ஊர் மொழியில் சித்தியிடம் மேலே பாருங்கள் என்றாள். சித்தி என் பக்கம் திரும்பி, "இன்னா பாஷைம்மா இது, ஹிந்தியா?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் காதருகே குனிந்து, "சித்தி, இது சும்மா பாக்கறதுக்குத்தான். ஆப்பரேசன் இன்னிக்கி கிடையாது. நான் சொல்றேன், வீட்டுக்குப் போ" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

வெளியே கடைசி மேசையில் என்ன நடந்தது என்று உள்ளே இருந்த எனக்குத் தெரியாது. ஆபரேஷனுக்குப் பிரித்தவர்களுக்குப் புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள். எந்தக் கண் என்று அடையாளத்துக்கு ஒட்டுவது. டாக்டருக்கும் பிள்ளைகளுக்கும் அது வெறும் அடையாளம். ஆனால் எங்கள் பக்கத்தில் நெற்றியில் பிளாஸ்திரி விழுந்துவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மறுநாள் காலையில் வேன் வரும். துணிமணி எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். வருஷக்கணக்காக எல்லா முகாமிலும் நடப்பது அது. அதற்குமேல் யார் வாயால் என்ன சொன்னாலும் எடுபடாது.

அடுத்த நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து சித்தி கூப்பிட்டாள்.

"வேன் எப்பம்மா வரும்? விடிஞ்சதுலருந்து நின்னுக்கினு இருக்கோம்."

"எந்த வேன் சித்தி? ஆப்பரேசன் இல்லன்னு சொன்னேனே!"

"நீ இல்லன்னுதான் சொன்னே. அப்புறம் பிளாஸ்திரி ஒட்டனாங்களே!"

நேரே டாக்டர் அறைக்குப் போனேன். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பிளாஸ்திரி ஒட்டினவர்கள் பையோடு ரோட்டில் நிற்கிறார்கள் என்றேன்.

"ஐயோ, அது ரிகர்சல்தானே சிஸ்டர்?"

"எனக்குத் தெரியும் டாக்டர். அவங்களுக்குத் தெரியாதே. இன்னும் நாலஞ்சு நாள் இருக்கு. வேனை அனுப்பி இங்கயே பண்ணிடலாம். லென்ஸ்தான் இருக்கே."

"எல்லாம் கட்டி சீல் வெச்சாச்சு. கஸ்டம்ஸுக்குக் கணக்குக் குடுத்தாச்சு. இப்ப எப்படிப் பிரிக்கறது? வந்து பாத்துக்கலாம். எடுத்துச் சொன்னா புரிஞ்சுப்பாங்க. நம்ம ஜனங்கதானே!"

நம்ம ஜனங்களாம். இந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நம்ம ஜனம் என்றால் ரோட்டில் நிற்க வைக்கலாம், பழகிப் பார்க்கலாம், போகச் சொல்லிவிடலாம். கண்ணீர் மட்டும் கடல் தாண்டி இருப்பவர்களுக்கு. அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

போய்ச் சொல்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது. பஸ் ஸ்டாப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஈரத் தலை. ஆபரேஷன் ஆனால் ரொம்ப நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று விடியற்காலையிலேயே தலை முழுகிவிட்டு வந்திருக்கிறார்கள். மடியில் துணிப் பை, தூக்குவாளியில் கேப்பைக் கூழ், நெற்றியில் பிளாஸ்திரி. வேன் வராது, நேற்று நடந்தது வெறும் பழக்கத்துக்கு என்று சொன்னேன். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் திட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும், "அப்ப இன்னாத்துக்கும்மா ஒட்டனீங்க? காலங்காத்தால ஒரே பேஜாராப் பூடுச்சே" என்று சொல்லிக்கொண்டே தன் பிளாஸ்திரியைப் பிய்த்து பஸ் ஸ்டாப் தூணில் ஒட்டிவிட்டு நடந்தார்.

சித்தியின் நெற்றியிலிருந்து எடுக்கக் கை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும். எடுத்துட்டா என் பேரு பூடும். நீ அந்த ஊருக்குப் போய்ட்டு வந்து பண்ணு. அதுவரைக்கும் இது இப்டியே இருக்கட்டும்."

சொன்னபடியே இருந்தாள். அந்த வாரக் கடைசியில் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களுக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். சித்தி பக்கத்து வீட்டம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நெற்றியில் அதே பிளாஸ்திரி, ஓரமெல்லாம் அழுக்கேறிக் கறுத்திருந்தது. வீட்டில் ஒருத்தி வெளிநாடு போகிறாள், விபூதி பூசி அனுப்ப வேண்டாமா? மேடையில் சால்வை, மாலை, மைக். நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி நீல டீ-ஷர்ட்டில் நின்றோம். சித்தியைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்தேன். மண்டப வாசலில், மேலே கட்டியிருந்த பெரிய ஃப்ளெக்ஸ் பேனருக்கு நேர் கீழே நின்றிருந்தாள். அப்போதுதான் நான் அதை நிமிர்ந்து பார்த்தேன்.

பேனர் முழுக்கச் சித்தியின் முகம். ஒத்திகையன்று எடுத்த படம். பச்சைப் புடவை, தலையில் பூ, நெற்றியில் பிளாஸ்திரி, வாய் நிறையச் சிரிப்பு. தோளில் டாக்டரின் கை. அடியில் கொட்டை எழுத்தில், 'எங்களால் பார்வை பெற்ற தாய்'.

சித்தியும் அண்ணாந்து பார்த்தாள்.

"யாரும்மா அது மேல? என்னுது மாதிரியே பச்சைப் புடவை கட்டிக்கினு?"

"யாரோ சித்தி" என்றேன்.

விபூதி பூசினாள். ஜாக்கிரதையாகப் போய்விட்டு ஜல்தி வா என்றாள். நான் நேராக மேடைக்குப் பின்னால் போனேன். "அந்தப் படத்துல இருக்கறவங்களுக்கு இன்னும் ஆப்பரேசனே ஆகல டாக்டர்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் என் தோளைத் தொட்டு, "அது ஒரு அடையாளத்துக்குத்தான் சிஸ்டர். வந்ததும் முதல் கேஸ் அவங்கதான். எமோஷனல் ஆகாதீங்க" என்றார்.

மறுபடியும் அடையாளம். சுடிதாருக்கு மேலே போட்டிருந்த டீ-ஷர்ட்டைக் கழற்றி அவர் பெட்டிமேல் வைத்தேன். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருந்தது. என்னுடையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"தியேட்டருக்கு ஆள் இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அதான் எல்லாருக்கும் ஒத்திகை பாத்தாச்சே டாக்டர்."

அன்று சாயங்காலமே சித்தியை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினேன். நான் போகவில்லை, கூடவே இருக்கப் போகிறேன் என்றதும் சரி என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சர்க்கரை ஏறியிருந்தது, அது இறங்குகிறவரை வார்டில் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் என் ஆத்திரம் எல்லாம் பொங்கிப் பொங்கி வந்தது. என் போனுக்கு உகாண்டாவிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. மரத்தடியில் வரிசை, வெள்ளைப் பல் சிரிப்பு, டாக்டரின் கை யாரோ ஒருவர் தோளில். அவர்களுக்கு நிஜமாகவே பார்வை வந்திருக்கும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் அடுக்கிய லென்ஸ்தானே. ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு திண்டிவனம் கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை இல்லை. சித்தி ஊருக்கு வேனும் இன்றுவரை போகவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் வார்டு நர்ஸ் வந்து பழைய பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டுப் புதியதாக ஒன்று ஒட்டினாள். சித்தி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது நெசந்தான?"

"நெசந்தான் சித்தி."

கட்டுப் பிரித்ததும் முதலில் என்னைத்தான் பார்த்தாள். "இன்னாடி இவ்ளோ நரைச்சுப் பூட்டே?" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகித் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கறுப்புக் கண்ணாடியை எடுக்காதே என்று சொல்லியும் கேட்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதன் பின்னால் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். அஞ்சாவது வரைக்கும் படித்தவள். திண்டிவனத்தில் பஸ் அந்த மண்டபத்துக்கு எதிரே சிக்னலில் நின்றது. பேனரை இன்னும் அவிழ்க்கவில்லை. வேறு பக்கம் பார்க்க வைக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்தாள்.

"இது எப்பம்மா கட்டனாங்க?"

"அன்னிக்கி. நீ எனக்கு விபூதி பூச வந்தியே, அன்னிக்கி."

"அன்னிக்கி நான் இதுக்குக் கீழதான நின்னுக்கினு இருந்தேன்?"

"ஆமா சித்தி."

"எனக்கு ஒண்ணுமே தெரியலியேம்மா" என்றாள்.