சத்தமாகச் செய்த ஜெபம்

ஆயம்மா வீட்டு நடுச்சுவர் கூரை வரை போகவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் எந்த வீட்டுச் சுவரும் போவதில்லை. ஒரே தகரக் கூரைக்குக் கீழே பத்து வீடு. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். இறையியல் கல்லூரியில் நான்கு வருடம் இருந்து, மூன்று மொழியில் வேதம் படித்து வந்ததில் இந்தச் சுவர் மட்டும் மறந்துபோய்விட்டது.

கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சபைக்குத்தான் என்னை முதலில் அனுப்பினார்கள். ஆயம்மா அங்கே பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை அவரிடம் விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் யாருடைய பிள்ளையாவது அவர் மடியில் இருக்கும். என் பிரசங்கம் நீண்டுவிட்டால் கடைசி வாங்கில் உட்கார்ந்தபடியே, "ஐயா, புள்ளைங்களுக்குப் பசிக்குதுங்க" என்பார். பிள்ளைகள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். எனக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும்.

ஒரு நாள் பின்னேரம் வீடு சந்திக்கப் போனேன். தேத்தண்ணி கொடுத்துவிட்டு ஆயம்மா என் பக்கத்தில் வந்து, காதோடு காதாகப் பேசினார். மகளுக்கு வட்டகொடையில் மாப்பிள்ளை பேசியிருக்கிறது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு, கிளினிக்கில் மாத்திரை எடுக்கிறாள். அதை மாப்பிள்ளை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. "கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார்.

நான் எழுந்து நின்று, கல்லூரியில் பழகிய கணீர்க் குரலில் தொடங்கினேன். "வட்டகொடைக்கு மருமகளாகப் போகும் இந்த மகளின் வலிப்பு நோயை, ஆண்டவரே…" பக்கத்து வீட்டில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. ஆகா, அவர்களும் ஜெபத்தைக் கேட்கிறார்களே என்று பூரித்துப்போய் இன்னும் உரக்கச் சொன்னேன்! மடையன். கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் ஆயம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது அவர் சுவருக்கு மேலே இருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லணும்னுதான் இருந்தேங்க. என் வாயால சொல்லணும்னு இருந்தேன்." அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நாலு பேர் அவரை விசாரித்துவிட்டார்கள்.

இப்போது ஊழியத்துக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். வீட்டுக்குப் போனால் கொடுப்பதைக் குடியுங்கள், பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்ணை உடனே உட்காரவைத்து வேதம் படிக்காதீர்கள் என்று என்னென்னவோ சொல்வேன். ஆனால் உங்களிடம் காதில் சொன்னதைக் கடவுளிடமும் காதில் சொன்னால் போதும் என்பதைச் சொல்லாமல் விட்டதில்லை. கர்த்தருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அந்த ஜெபத்துக்கு மறுநாள் ஆயம்மாவிடம் போய், "நானே வட்டகொடைக்குப் போய் விளக்கிச் சொல்கிறேன்" என்றேன்.

"அய்யய்யோ, வேணாங்க! நானே சொல்றேன். நீங்க கூட வாங்க, ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

ஞாயிறு ஆராதனை முடிந்து பஸ்ஸில் போனோம். மாப்பிள்ளை வீடும் லயத்து வீடுதான். ஆயம்மா எதையும் மறைக்கவில்லை. கடைசியாக வலிப்பு வந்தது எப்போது, மாத்திரை எத்தனை, எல்லாவற்றையும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். என்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடப் போகிறது.

மாப்பிள்ளையின் அம்மா பொறுமையாகக் கேட்டார். "எங்களுக்கு அன்னைக்கே போன் வந்திருச்சுங்க. நீங்க வந்து சொல்றீங்களான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தோம்."

கதவோரம் நின்ற பையன், "அத்தே, மாத்திர எந்த நேரத்துக்குக் குடுக்கணும்?" என்றான்.

ஆயம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பையனின் அம்மா என்னைப் பார்த்து, "ஐயா வந்ததுலருந்து ஒண்ணுமே பேசலீங்களே. ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார். நான் பயந்துபோய் ஆயம்மாவைப் பார்த்தேன்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பண்ணுங்க ஐயா. இப்ப சத்தமா பண்ணுங்க. லயம் பூரா கேக்கட்டும்."

எழுந்து நின்றேன். எனக்குத்தான் குரல் வரவில்லை.