லோரிக்காரரின் பின்னூட்டங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்துவந்த தமிழ் இணைய இதழில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். கட்டுரைகளை வலையேற்றுவதும் வாசகர்களின் பின்னூட்டங்களைப் பார்த்து அனுமதிப்பதும் என் பொறுப்பு. சென்ற ஆண்டு ஆசிரியர் இதழை நிறுத்த முடிவு செய்தார். மாதக் கடைசியில் சர்வரும் போய்விடும். அதற்குள் முழுத் தளத்தையும் பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எடுங்க. யாரு படிக்கப் போறா?" என்றார்.

அதற்கென்றே உள்ள மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். இணைப்பு இணைப்பாகப் போய்ப் பக்கங்களை அது சேமித்தது. மூன்றாம் நாள் வேலை முடிந்தது. மறுநாள் கிள்ளானிலிருந்து ஒரு பெண் அழைத்தார்.

"தம்பி, எங்கண்ணன் இங்க மேரு டவுன்ல லோரி ஓட்டுனாரு. போன வருசம் தவறிட்டாரு. உங்க பேஜ்ல கமெண்ட் எழுதுவாருன்னு அவரு ஃபோன எடுத்துப் பார்த்தப்பதான் எங்களுக்கே தெரியும். மூடிட்டா அதெல்லாம் போயிடுமா?"

"போகாதுக்கா. எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டேன்லா."

சொல்லிவிட்டுத்தான் பிரதியைத் திறந்து பார்த்தேன். கட்டுரைகள் இருந்தன. பின்னூட்டம் ஒன்றுகூட இல்லை. 'கருத்துகளைக் காட்டு' என்ற பொத்தானை அழுத்தினால்தான் அவை பக்கத்துக்கு வரும். மென்பொருள் அதை அழுத்தவில்லை. ஒவ்வொரு பக்கமாக நானே திறந்து, அழுத்தி, சேமிக்கத் தொடங்கினேன்.

அக்கா சொன்ன பெயரைத் தேடி, அவர் அண்ணன் எழுதியவற்றை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். கிள்ளான் ஆற்றுப் பாலம் என்று நாங்கள் போட்ட படம் வேறு ஊர்ப் பாலம் என்று எழுதியிருந்தார். ஒரு சிறுகதைக்குக் கீழே, "அந்தப் பொண்ணு இவ்வளவு அழ வேண்டியதில்லை" என்றிருந்தார். சாலை விபத்துகள் பற்றிய கட்டுரைக்கு வந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. அங்கே அவர் எழுதிய ஒன்றைக் காரசாரமாக இருக்கிறதென்று நான்தான் நீக்கியிருந்தேன். நீக்கியவை போய்ச்சேரும் தளத்தின் 'குப்பைத் தொட்டி'யில் தேடினேன். அங்கிருப்பவை முப்பது நாளில் தானாகவே அழிந்துவிடும்; அதுவும் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். அக்கா வீட்டுக் கணினியில் பிரதியை ஏற்றி, தளம் போன பிறகும் திறக்கும் என்று தெரிய இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து காட்டினேன். திறந்தது. அவர் ஒவ்வொன்றாகப் படித்து, சில இடங்களில் சிரித்தார்.

"எல்லாம் இதுல இருக்கா தம்பி?"

"ஒன்னு இல்லக்கா. நான்தான் அழிச்சேன்."

அவர் முகம் மாறியது. "என்ன எழுதுனாரு?"

"ரோட்டு விபத்து பத்தின கட்டுரையில எல்லாப் பழியையும் லோரிக்காரன் மேலயே போட்டிருந்தோம். 'எழுதுனவரு ஒரு நாள் என் பக்கத்து சீட்ல உட்காரட்டும், எத்தன மணி நேரம் தூங்காம ஓட்டுறோம்னு தெரியும்'னு எழுதுனாரு. திட்டும் இருந்துச்சு."

"திட்டாம இருப்பாரா? நியாயம்னு பட்டா அவரு விடமாட்டாருலா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஞாபகம் இருக்கறத எழுதி வைங்க. நீங்க அழிச்சதையும் எழுதுங்க."

அங்கேயே எழுதினேன். இந்த இடத்தில் ஒரு பின்னூட்டம் இருந்தது, நீக்கியவன் நான், நினைவில் உள்ளது இவ்வளவுதான் என்று அந்தப் பக்கத்தோடு சேர்த்தேன். திட்டை எழுதவா என்று கேட்டதற்கு, "போடுங்க" என்றார்.

ஒரு பிரதி அவரிடம் இருக்கிறது. ஒன்று பெட்டாலிங் ஜெயாவில் நூலகராக இருக்கும் என் தோழியிடம், இன்னொன்று என்னிடம். சொன்னபடி மாதக் கடைசியில் தளம் நின்றது.