பெரியம்மா பிசாசு என்று சொன்ன பாட்டு

நான் ஐந்தாம் வகுப்பு படித்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பாட்டு குடிவந்தது. எங்கள் மாமாவைவிட அதற்கு வயது கூடுதல்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் கொடுத்த கேசட்டில் இரண்டு பக்கமும் அந்த ஒரே பாட்டுதான் திரும்பத் திரும்ப இருந்தது. ஹெவி மெட்டல் என்று மாமா சொன்னபோது, இரும்புக்கடையோடு சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டதும் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது. முதலில் கிட்டார் மட்டும், பாறையைக் கட்டி இழுப்பதுபோல மெதுவாக வரும். பிறகு டிரம்ஸ் விழும். அதற்கும் பிறகு ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். உலகத்தில் கிட்டார் தூக்குகிற பையன்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் வாசித்துப் பார்ப்பார்களாம். படகு எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற ஒரே பாட்டு அதுதான் என்பது மாமாவின் பெருமை.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவர், மறுநாள் காலையில் அம்மாவுக்கு வாங்கிய டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி, எங்கள் அத்தை, வரவில்லை, வீட்டில் வேலை இருந்தது. மாமா பிளக்கைச் சொருகிப் பாட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அங்கே அவர் ஊருக்குள் கடல் ஏறியது.

சுனாமியில் போன அத்தையை அடக்கம் செய்த பிறகு மாமா எங்களோடு வந்து தங்கினார். யாரிடமும் பேசுவதில்லை. தட்டை முன்னால் வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பார். பாட்டு ஓடினால் மட்டும் நாலு வாய் சாப்பிடுவார். அதனால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நான் குடத்தைக் கவிழ்த்து டிரம்ஸ் தட்டப் பழகிவிட்டேன்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் பெரியம்மா, அப்பாவின் அண்ணி. ஊர் ஜெபமாலைக் கூட்டத்தை நடத்துபவர். ஒருநாள் வந்து அம்மாவைத் தனியே அழைத்தார்.

"ஏட்டி, அது பிசாசுக்க பாட்டு. துட்டி வீட்டுல, சாவு விழுந்த வீட்டுல, சாத்தானைப் பாட விட்டா உன் தம்பி எப்பிடித் தேறுவான்?"

அம்மா பயந்துபோனாள். கேசட்டை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். மாமா மறுநாள் காலையில் டூ-இன்-ஒன்னைத் திறந்து பார்த்தார். மூடிவிட்டார்.

அன்று அவர் காலையிலும் சாப்பிடவில்லை, மத்தியானமும் சாப்பிடவில்லை. எங்கள் ஊரிலிருந்து கடல் தெரியாது. ரப்பரும் தென்னையும்தான் தெரியும். ஆனால் மத்தியானம் கடந்து தெற்குக் காற்று அடித்தால் அலை இரைவது கேட்கும். அடுக்களைப் படியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமாவிடம் அம்மா கேட்டாள்.

"என்ன மக்கா, காது வலிக்கா?"

"இல்லக்கா. கடலு. அந்தப் பாட்டு ஓடினா இது கேக்காது."

அம்மா விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு கேசட்டை எடுத்து, அரிசியை உதறி, டூ-இன்-ஒன்னில் போட்டு, சத்தத்தை முழுதாகத் திருகினாள். வாழையில் இருந்த காக்கைகள் பறந்தன. பெரியம்மா ஓடிவந்து முற்றத்தில் நின்று கையை ஆட்டி என்னவோ சொன்னார். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அம்மா அவர் காதுப்பக்கம் குனிந்து கத்தினாள்.

"பிசாசே பாடினாலும் பாடட்டு அக்கா. என் தம்பி சோறு திங்கான்லா!"

மாமா உண்மையாகவே தட்டை இழுத்துப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். பெரியம்மா அதை எட்டிப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பிப் போனவர், மறுநாள் மத்தியானம் அவித்த மரச்சீனிக் கிழங்கோடு வந்தார். முந்தானையால் காதை மூடிக்கொண்டு, ஜெபமாலையை உருட்டியபடி, மாமா தின்று முடிக்கும்வரை அந்தப் பாட்டுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பிறகு பல நாள் அப்படி வந்தார்.

ஈஸ்டர் கழிந்து மாமா பஹ்ரைனுக்கே திரும்பிப் போனார். கடலை விட்டால் வேறு வேலை தெரியாது என்றார். கேசட்டை அம்மாவிடமே விட்டுவிட்டார்.

பல வருடம் கழித்து பெங்களூரில் கல்லூரி விடுதியில் பக்கத்து அறைப் பெண் அதே பாட்டைப் போட்டாள். இதற்குப் பின்னால் வந்த கனத்த பாட்டெல்லாம் இதன் பிள்ளைகள்தான் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். எங்கள் அம்மா இதைக் கேட்டுக்கொண்டுதான் தேங்காய் துருவுவாள் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஆனால் அது நிஜம். மாமா போன பிறகும், காற்று திரும்புகிற மத்தியான வேளைகளில் அம்மா அந்தப் பாட்டைப் போட்டாள், அதே சத்தத்தில். ஒரு வார்த்தை புரியாமல் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் பாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். அவளும் அந்தக் கடற்கரையில் பிறந்தவள்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.